கண்ணாடி போட்ட உப்பளக்காரி

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ரஷ்யப் பொறியாளர்களின் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாள் இந்துமதி. பல் டாக்டர், வங்கி, தையல்கடை, மீன் மார்க்கெட் என்று அவர்கள் எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். வாரக் கடைசியில் தூத்துக்குடிக்கு, திரேஸ்புரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்பா லிங்கராஜுக்கு அங்கே பலசரக்குக் கடை. கடலுக்குப் போகிற படகுகளுக்கு அரிசி, டீத்தூள் முதல் தண்ணீர்க் கேன் வரை அவர் கடையிலிருந்துதான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் உட்கார்ந்திருந்தபோது ராஜபாண்டி வந்தார். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். வழக்கமாக அப்பாவிடம்தான் பேசுவார். அன்றைக்கு நேரே இவளிடம் வந்தார்.

"ஏம்மா இந்து, உங்க ரஷ்யாக்காரவங்கள்ல படம் வரையுதவங்க யாரும் இருக்காவளா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"முத்தையாபுரத்துல சங்கக் கட்டடம் முடிஞ்சிட்டு. மேடைக்குப் பின்னால பெரிய சுவரு சும்மா கெடக்கு. பழைய ஆபீஸ்ல ஒரு படம் ஒட்டி வச்சிருந்தோம், சோவியத் பத்திரிகையில வந்தது. ஒரு பொம்பள கோதுமைக் கட்டத் தோள்ல வச்சிக்கிட்டு நிப்பா. அது மழையில ஊறிப் போயிட்டு. அதே மாதிரி ஒண்ணு வேணும். ஆனா நம்ம உப்பளத்துப் பொம்பளையா இருக்கணும்."

"பேனர் கடையில சொன்னா ஒரு நாள்ல போட்டுத் தருவானே" என்றார் லிங்கராஜ், பொட்டலம் மடித்துக்கொண்டே.

"அவன் யார் மூஞ்சிய வேணும்னாலும் கொண்டாந்து ஒட்டிருவான் அண்ணாச்சி. இது ஆளப் பாத்து வரையணும்."

இந்துமதிக்கு லாரிசாவின் நினைவு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

லாரிசா ஒரு டர்பைன் பொறியாளரின் மனைவி. வயது நாற்பத்தைந்து இருக்கும். மாஸ்கோவில் ஓவியர் என்று அவளுக்குப் பெயர் உண்டு. இங்கே கணவனோடு வந்து காலனியில் இருந்தாள். வீட்டில் ஓர் அறை முழுக்க ஷாம்பு பாக்கெட் சரங்களும் ஊறுகாய்ப் பாக்கெட்டுகளும் சீயக்காய் அட்டைகளும் தொங்கும். எல்லாம் பெட்டிக்கடைகளில் வாங்கி வந்தவை. சுவரில் சாய்த்து வைத்த அவளுடைய படங்களை முதல் தடவை பார்த்தபோது இந்துமதி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். படங்களில் இருந்தவர்கள் பழைய சோவியத் ஆட்கள். அகன்ற தோள், தூக்கிய தாடை, தூரத்தில் எதையோ பார்க்கிற கண். ஆனால் டிராக்டர் ஓட்டும் பெண்ணின் கையில் முகப்பூச்சு டப்பா இருந்தது. உலைக்கு முன்னால் நிற்கும் எஃகுத் தொழிலாளி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு நூடுல்ஸ் பாக்கெட்.

"இதெல்லாம் கிண்டலா?" என்று இந்துமதி அன்று கேட்டாள்.

"பாதி கிண்டல். மீதி என் அப்பா" என்றாள் லாரிசா.

அவளுடைய அப்பா செல்யாபின்ஸ்க் நகரத்து எஃகு ஆலையில் ஓவியராக இருந்தவர். ஆலைக்கு எதிரே இருந்த பெரிய சுவரில் சிரித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளி ஒருவனை அவர் வரைந்திருந்தார். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் லாரிசா அவனைப் பார்த்துக்கொண்டு போவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது சோவியத் நாடே இல்லாமல் போனது. சுவரை ஒரு பற்பசைக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. விளம்பரம் வரைய ஆள் தேடினார்கள். ஊரில் அவ்வளவு பெரிய சுவரில் வரையத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரே சாரத்தில் ஏறி, தன் தொழிலாளியின் தலைக்கவசத்தை முடியாக்கினார். சம்மட்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷாக்கினார்.

"சிரிப்பை மட்டும் அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை" என்றாள் லாரிசா. "விளம்பரத்தையும் பாக்கெட்டையும் ஓவியமாக்குகிற எங்கள் ஊர் பாப் ஆர்ட் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அந்தச் சாரத்திலிருந்து வந்தது."

சங்கத்துச் சுவர் விஷயத்தை இந்துமதி சொன்னதும் லாரிசா வெகுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உண்மையான சங்கமா? ஆட்கள் இருக்கிற சங்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இந்துமதி. அடுத்த சனிக்கிழமையே இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

முள்ளக்காட்டு உப்பளத்துக்கு ராஜபாண்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறிவிட்டிருந்தது. பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பெண்கள் தலையில் உப்புத் தட்டுகளைச் சுமந்துபோய்க் கரையில் அம்பாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிசா வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பென்சிலில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருத்தி தட்டை இறக்கிவிட்டு நேரே வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"இது நானா? மூக்கு இப்படியா இருக்கு எனக்கு?"

அவள் பெயர் ஆறுமுகத்தாய். ஐம்பதைத் தொடுகிற வயது. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொன்னாள். உப்பு வாருகிற பலகையின் நீளக் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவள் நின்ற நிற்பு லாரிசாவுக்குப் பிடித்துப்போனது. கீழே இருந்து பார்த்து வரைவதற்காகப் பாத்திக்குள் இறங்கி, சேற்றிலேயே மண்டிபோட்டாள்.

"ஏ பிள்ள, அந்தம்மாவ எந்திக்கச் சொல்லு. உப்புத்தண்ணி முட்டிய அரிச்சிரும்" என்றாள் ஆறுமுகத்தாய்.

வெயிலில் நிமிர்ந்து நிற்க நிற்க ஆறுமுகத்தாயின் கண்ணில் நீர் வழிந்தது. உப்பின் வெளிச்சம் கீழிருந்து அடிக்கிறது. தலையைத் தூக்கினாலும் விடுவதில்லை. லாரிசா தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். ஆறுமுகத்தாய் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு வாங்கி மாட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பெண்கள் கூவிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நன்றாகத்தான் நின்றாள். லாரிசா போனில் படமாக எடுத்துத் தள்ளினாள்.

சுவருக்கென்று போட்ட பென்சில் படம் ராஜபாண்டிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடி அதில் இல்லை. முகத்தைப் பிறகு சுவரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று லாரிசா வெறுமனே விட்டிருந்தாள். "இதுதான், இதேதான். பழைய படம் திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றார். கட்டடத்தில் சாரம் கட்டினார்கள். வாரக் கடைசிகளில் லாரிசா வந்து வரைந்தாள். இந்துமதி வண்ண டப்பாக்களைத் திறந்து கொடுத்தபடி கூடவே இருந்தாள்.

வண்ணம் ஏற ஏறத்தான் ராஜபாண்டிக்குச் சந்தேகம் வந்தது. வானத்தில் ரோஸ், மஞ்சள், ஊதா என்று பட்டை பட்டையாக ஓடியது. ஷாம்பு பாக்கெட்டில் இருக்கிற அதே பட்டைகள். பின்னால் இருந்த உப்பு அம்பாரங்கள், கடையில் விற்கிற உப்புப் பாக்கெட்டின் வாயை மடித்து வைத்தாற்போல நுனியில் மடிந்திருந்தன.

"சோப்பு விளம்பரம் மாதிரில்லா இருக்கு" என்றார் இந்துமதியிடம்.

"என்ன சொல்கிறார்?" என்று சாரத்தின் மேலிருந்து கேட்டாள் லாரிசா.

"வண்ணங்கள் பளிச்சென்று இருக்கின்றனவாம்" என்றாள் இந்துமதி. சண்டை வரும் இடத்தில் சொல்லைக் கொஞ்சம் வழவழப்பாக்கிச் சொல்வது அவளுக்குத் தொழிலில் பழகிவிட்டது. பல் டாக்டரிடமும் அப்படித்தான் செய்வாள்.

லாரிசா சந்தோஷப்பட்டு ஊதாவை இன்னும் அழுத்தமாக்கினாள். ராஜபாண்டி வெளியே போய்விட்டார். அதற்கடுத்த வாரம் முகம் வந்தது. முகத்தில் கறுப்புக் கண்ணாடி வந்தது. கண்ணாடியின் இரண்டு வட்டத்துக்குள்ளும் அந்த ரோஸ் வானம் தெரிந்தது.

படத்தைப் பார்க்க ஆறுமுகத்தாய் சனிக்கிழமை வேலை முடிந்து, தூக்குவாளியோடு நேரே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சினிமாக்காரி மாதிரி இருக்கேன்" என்றாள். போனில் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். மருமகன் திறப்பு விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டான் என்று அடுத்த நாள் எல்லாரிடமும் சொன்னாள்.

அந்த ஞாயிறு மாலையே ராஜபாண்டி கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இந்து, இந்த தடவ நான் சொல்லுதத அப்படியே சொல்லணும். வழுக்கிச் சொல்லப்பிடாது" என்றார். போன தடவை அவள் மாற்றிச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்துமதிக்கு முகம் சூடாகிவிட்டது. "சரி அண்ணாச்சி" என்றாள்.

"நெறம் எனக்குப் பிடிக்கல. ஆனா சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கு, அது இருந்துட்டுப் போவட்டும். கண்ணாடிய மட்டும் எடுத்துரணும்."

இந்துமதி அப்படியே சொன்னாள். லாரிசா சாரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏன்? தொழிலாளி கண்ணாடி போட்டால் மரியாதை குறைந்துவிடுமா? என் அப்பாவின் முன்னாலும் கமிட்டிக்காரர்கள் இப்படித்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதை எடு, இதைப் போடு என்றார்கள். நான் எதையும் எடுக்கப்போவதில்லை. வேண்டாமென்றால் நீங்களே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள்."

இதையும் இந்துமதி அப்படியே சொன்னாள். கமிட்டி ஆட்களில் ஒருவர் எழுந்துவிட்டார். ராஜபாண்டி அவரைக் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"அவங்க அப்பாவ என்னத்தப் போடச் சொன்னாவளாம்? கேளு."

லாரிசா தூரிகையைத் துணியில் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

ஒரு கூட்டுப்பண்ணை கிராமத்தில் பால் கறக்கிற பெண்களை அப்பா வரைந்தாராம். வசந்த காலத்துச் சேறு. அந்தப் பெண்கள் கிழிந்த ரப்பர் காலணிக்குள் கந்தலைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அவர் அப்படியே வரைந்தார். கமிட்டி வந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தோல் பூட்ஸ் போடச் சொன்னது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வரப்போகிறது, அதைத்தானே ஓவியர் காட்ட வேண்டும் என்றார்கள். சோசலிச யதார்த்தவாதம் என்றால் அதுதான் என்று புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். அவர் போட்டார். படத்தை அதே கிராமத்து மன்றத்தில் மாட்டினார்கள். பெண்கள் வந்து தங்கள் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி அவரிடம், இது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டாள்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். கடைசிக் காலத்தில் சொன்னார், சிரிக்கவில்லை" என்றாள் லாரிசா.

ராஜபாண்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்து, இத நிதானமாச் சொல்லு. உப்பளத்துல நிக்கிறவங்களுக்குக் கண்ணாடியும் காலுக்குப் பூட்சும் குடுங்கன்னு வருசக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கோம். ஒருத்தருக்கும் வரல. அடுத்த மாசம் மறுபடியும் பேச்சுவார்த்தை. தெறப்பு விழாவுக்கு அதிகாரிமாரையும் முதலாளிமாரையும் கூப்பிட்டிருக்கேன். அவங்க முன்னால எங்க சங்கத்துச் சுவத்துலயே பொம்பள கண்ணாடி போட்டுக்கிட்டு ஜோரா நிக்கா. போட்டோ எடுத்துட்டுப் போவாவ. பொறவு நான் எந்த வாயால கேப்பேன்?" நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அவங்க அப்பாவ இல்லாத பூட்சப் போடச் சொன்னாவ. நான் இல்லாத கண்ணாடிய எடுக்கச் சொல்லுதேன். அவ்வளவுதான்."

இந்துமதி ஒவ்வொரு வாக்கியமாக ரஷ்ய மொழியில் சொன்னாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது லாரிசா அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரத்தின் கீழ்ப்பலகையில் போய் உட்கார்ந்தாள். நெற்றியில் ஊதா வண்ணம் ஒட்டியிருந்தது.

"நான் சினிமா போஸ்டரை நினைத்துப் போட்டேன்" என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரியாது. அவர்களிடம் கண்ணாடி இல்லை என்பதை நானே பார்த்தேன். என் கண்ணாடியைத்தான் கொடுத்தேன். பார்த்துவிட்டுத்தான் வரைந்தேன்."

இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே ராஜபாண்டிக்கு விளங்கிவிட்டது. டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்.

ஆறுமுகத்தாய்க்குச் சேதி அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் காலை வேலைக்குக்கூடப் போகாமல் வந்தாள். இந்துமதியும் லாரிசாவும் கூடங்குளத்துக்குத் திரும்பாமல் இருந்தார்கள். அவளிடம் கேட்காமல் கை வைக்க லாரிசா சம்மதிக்கவில்லை.

"யாரும் என்னக் கேக்கல" என்றாள் ஆறுமுகத்தாய். "படம் சங்கத்துக்குன்னு சொல்லுதிய. சரி. மூஞ்சி என்னதுல்லா?"

ராஜபாண்டி காரணத்தைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதா? நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும். நானும்தான மனுவுல கையெழுத்துப் போட்டேன். ஆனா அது போட்டாத்தான் எனக்கு நல்லாருக்கு. அத எடுத்தா என் கண்ணு தெரியும். கண்ணச் சுருக்கிச் சுருக்கி மூஞ்சியே கெழவி மாதிரி ஆயிட்டு. அத எல்லாரும் பாக்கணுமா?"

இந்துமதி சொல்லச் சொல்ல லாரிசா தலையாட்டினாள். "கண்ணாடி போட்ட படம் ஒன்று தனியாக வரைந்து தருகிறேன். அவளுக்கு மட்டும். வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்" என்றாள்.

ஆறுமுகத்தாய் யோசித்தாள். "பெருசா இருக்கணும். போட்டோ சைசுல தந்து ஏமாத்தப்பிடாது."

"பெரிதாகவே தருகிறேன்."

"அப்ப எடுத்துக்கிடுங்க" என்றாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. போகும்போது வாசலில் நின்று சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

கண்ணை வரைவதற்காக லாரிசா மறுபடியும் உப்பளத்துக்குப் போனாள். இந்தத் தடவை தன் கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளும் ஆறுமுகத்தாயும் எதிரெதிரே நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். வெகு கிட்டத்தில் பார்த்தபோதுதான் லாரிசா கவனித்தாள்: ஆறுமுகத்தாயின் இடது கண்ணில், மூக்கு ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கி, வெளிறிய சதை ஒன்று படர்ந்திருந்தது.

"இது என்னவென்று கேள்."

"சதை வளருது. வெயில்ல நிக்கிறவங்க நெறைய பேருக்கு உண்டு" என்றாள் ஆறுமுகத்தாய்.

லாரிசா பென்சிலைக் கீழே வைத்தாள். "இதைப் படத்தில் போடவா வேண்டாமா? நான் தீர்மானிக்க மாட்டேன். அவள்தான் சொல்ல வேண்டும்."

இந்துமதி கேட்டாள். போடு என்றுதான் ஆறுமுகத்தாய் சொல்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். ராஜபாண்டியின் வாதத்துக்கு அதுதான் பொருத்தம்.

"வேண்டாம்" என்றாள் ஆறுமுகத்தாய். "மழைக்காலத்துல வேலை இருக்காது. அப்ப ஆஸ்பத்திரியில போயி எடுத்துக்கிடலாம்னு இருக்கேன். நான் எடுத்த பொறவும் படத்துல அது அப்படியே நின்னுக்கிடும்லா?"

இதைக் கேட்டதும் லாரிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்ன பிள்ள, நான் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லை. அப்பாவின் கமிட்டி சொன்னதைத்தான் இவளும் சொல்கிறாள். இருப்பதை வரையாதே, நாளைக்கு வரப்போவதை வரை என்கிறாள்" என்றாள் லாரிசா, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆனால் இது அவளுடைய கண். அவள் சொல்லலாம்."

இந்துமதி அதைத் தமிழில் எப்படியோ சொன்னாள். ஆறுமுகத்தாய்க்குப் பாதிதான் விளங்கியது. "எங்க அப்பாவ நெனச்சா எனக்கும் சிரிப்பு வரும். சிரிக்கட்டும்" என்றாள்.

சதை இல்லாமல் கண் வந்தது. சுருங்கிய இமை, ஓரத்தில் ஆழமான கோடுகள், கொஞ்சம் சிவப்பு. அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஷாம்பு வானமும் பாக்கெட் அம்பாரமும் அப்படியே இருந்தன. கண்ணாடி இருந்தபோது வேடிக்கையாகத் தெரிந்த வண்ணமெல்லாம் இப்போது பார்ப்பவர்களுக்கும் கண் கூசுகிற மாதிரி இருந்தது. கமிட்டியில் ஒருவர், "ரொம்ப நேரம் பாக்க முடியல" என்று குறையாகச் சொன்னார். ராஜபாண்டி, "அங்கன நின்னாலும் பாக்க முடியாதுல்லா" என்றார்.

தனிப்படத்தை லாரிசா ஒரு கதவு அளவுப் பலகையில் வரைந்துகொண்டு வந்தாள். ஆறுமுகத்தாயின் வீட்டில் டிவிக்கு மேலே அது நுழையவில்லை. கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. உப்பளத்துப் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மகளும் மருமகனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பார்த்த மகள், "எம்மா, ரொம்பக் களைச்சிப் போயி நிக்க" என்றாள். "பின்ன, வேலை செய்யுதவ களைக்காமலா இருப்பா?" என்றாள் ஆறுமுகத்தாய். அதை அவள் கோபமாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று பின்வரிசையில் இருந்த இந்துமதிக்குத் தெரியவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். முதலாளிகளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் பேச வெளியே போனார்.

ராஜபாண்டி பேச ஆரம்பித்தார். நீண்ட பேச்சு. மின்விசிறி போதவில்லை, எல்லாரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். லாரிசா இந்துமதியின் காதருகே குனிந்தாள்.

"படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்?"

இந்துமதி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மழைக்கால நிவாரணம், பூட்ஸ், கண்ணாடி, கூலி உயர்வு. இவ்வளவுதான்."

"நல்லது" என்றாள் லாரிசா. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தானும் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டாள்.